உப்பளக் கரையும் உயர்நிலைப் பள்ளியின் அமைப்பும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்ட நம் கல்விச் சீர்திருத்தக்காரர், அதன் பாடப் பெருக்கத்தை விசேஷமாகக் கண்டனரேயன்றி, அப்பெருக்கம் மாணவனுக்குப் பிரயோஜனப்படும்படி செய்கின்ற உள்ளமைப்பை ஏற்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவில் அமெரிக்கர் ஒருவரும் ஆங்கிலேயர் ஒருவரும் அங்கம் வகித்தனர். கலை, விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளை ஒரே கூரையின்கீழ்க் கொணரும் பல்நோக்குப் பள்ளிகளை அக்குழு 1953-இல் சிபாரிசு செய்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அமெரிக்கப் பள்ளியில் மாணவன் தேர்வது பிரிவையன்று, பாடத்தை. ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மணி நேரம் கற்ற ஒரு பாடத்தை ஓர் அலகாகக் கொள்ளும் கணக்கு, கார்னெகி அறநிலையத்தின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. அவ்வலகுகளைச் சேர்த்துக்கொண்டே செல்பவன், இயற்கணிதத்தையும் தச்சு வேலையையும் கணக்குப் பதிவையும் ஓராண்டிலேயே பயிலலாம். ஒன்றில் தவறினால் அதனை மட்டும் மீண்டும் படிக்கலாம். இத்தகைய சுதந்திரத்தில் சிறுவர் வழி தவறாதிருக்க, 250 முதல் 300 மாணவர்க்கு ஓர் ஆலோசகர் வேண்டுமென்று அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் வற்புறுத்தினார்.

தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தோன்றியபோதும் பிரிவே அடிப்படையாயிற்று. பதினைந்து பதினாறு வயதில் ஒரு நாள் எழுதிக்கொடுக்கும் விண்ணப்பம், வேதியியலையும் கணக்குப் பதிவியலையும் வெவ்வேறு வகுப்பறைகளுக்கு உரியனவாக்கிவிடுகிறது.

இதன் பொருத்தமின்மை உப்பளங்கள் உள்ள மரக்காணத்தில் நன்கு புலப்படும். அளத்தில் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிடுகையில், உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. அடர்த்தி பாமே அளவையில் ஏறத்தாழ 25 பாகைக்கு வந்ததும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதற்குமேல் அளவின்றி வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறி, விலை குறைகிறது. எப்போது நீரை மாற்றுவது, எப்போது வாருவது என்பன வேதியியல் வினாக்கள். குத்தகை, கூலி, வடகிழக்குப் பருவமழையில் தொழில் முடங்கும் மாதங்களின் செலவு, வியாபாரியிடம் விலை பேசுதல் ஆகியவை கணக்கும் பொருளியலும் சார்ந்தவை. தந்தையின் தொழிலை உயர்த்த விரும்பும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ இவ்விரண்டும் சேர்ந்தே வேண்டும். உப்பளத்தை விட்டு வெளியேற நினைப்பவருக்கும், எத்துறையில் தமக்குத் திறமையுண்டு என்று பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வேண்டும். அதுவும் நியாயமான ஆசையே. வழக்கமான பிரிவுகள் இருவருக்கும் இடந்தருவதில்லை.

அமெரிக்க முறை குற்றமற்றதென்று கூற நான் முற்படவில்லை. பள்ளிச் செலவின் கணிசமான பகுதியை அவ்வவ்வூர்ச் சொத்து வரியோடு பிணைத்தமையால் செல்வமுள்ள ஊருக்கு நல்ல பள்ளியும் வறிய ஊருக்குத் தரங்குறைந்த பள்ளியும் அமைந்தன. அப்பிணைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதமன்று என 1973-இல் டெக்ஸாஸ் வழக்கொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உப்பளக் கரையின் வரிப்பணத்தை நம்பி ஒரு பள்ளி நடக்க நேர்ந்தால் அதன் கதி என்னவாகும் என்பதை எண்ணும்போது, அரசே ஆசிரியர் ஊதியத்தை ஏற்கும் நம் முறையின் அருமை தெளிவாகிறது. ஆகவே நிதியமைப்பை நாம் மாற்றவேண்டுவதில்லை.

சிற்றூர்ப் பள்ளியில் இத்தனை தெரிவுகளுக்கு ஆசிரியர் ஏது என்று ஆட்சேபிப்போர் உளர். விஞ்ஞானப் பிரிவும் வணிகப் பிரிவும் நடைபெறும் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியிலும் வேதியியல் ஆசிரியரும் கணக்குப் பதிவியல் ஆசிரியரும் ஏற்கெனவே இருக்கின்றனர். அவ்விருவரிடமும் ஒரு மாணவி ஒரே ஆண்டில் பாடங்கேட்பதற்குத் தேவைப்படுவது, கால அட்டவணையில் இரு பாடவேளைகள் மோதாதபடி செய்வதும், அவள் பெற்ற மதிப்பெண்ணைப் பிரிவின் பெயரின்றியே உயர்கல்விக்கு ஏற்றுக்கொள்ளும் ஓர் அரசாணையுமே.