முள்ளந்தண்டு இணைப்புச் சத்திரசிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு ஆதாரமாய் அமைவது முள்ளந்தண்டு. அது பக்கவாட்டில் வளைந்து முறுகும் நிலை பக்கவளைவு எனப்படும். பெரும்பாலும் காரணம் அறியப்படாமலே கட்டிளமைப் பருவத்தில் தோன்றும் இவ்வளைவு, முற்றிய நிலையில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. இதற்கு இன்று செய்யப்படும் இணைப்புச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை ஆராயின், அது இந்நோய்க்கென எழுந்ததன்று என்பதும், காசநோயும் இளம்பிள்ளைவாதமும் தந்த அனுபவத்தின் பேறே என்பதும் புலனாகும்.

பண்டைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டீஸ் காலத்தில் நோயாளியை ஏணியிலும் பலகையிலும் பிணித்து இழுத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புறோஸ் பரே இரும்புக் கவசம் அணிவித்தார். 1839இல் ஜூல் கெரன் முதுகுத் தசைகளை அறுத்துப் பார்த்தார். இவையாவும் என்பைத் தீண்டாத முயற்சிகளாதலின் நிலையான பயன் தரவில்லை.

திருப்பம் 1911இல் நேர்ந்தது. காசநோயால் சிதைந்த முள்ளந்தண்டை உறுதிப்படுத்தும் பொருட்டு, நியூயோர்க் நகரில் ரசல் ஹிப்ஸ், பிரெட் அல்பீ ஆகிய இருவரும் தனித்தனியே இணைப்பு முறையைக் கையாண்டனர். ஹிப்ஸ் முள்ளென்புகளின் பின்புற மூட்டுகளைச் சுரண்டி, என்புத் துணுக்குகளைப் பரப்பி, பல என்புகள் ஒன்றாய் வளரச் செய்தார். அல்பீயோ கணைக்கால் என்பைப் பெயர்த்துப் பொருத்தினார். 1914இல் ஹிப்ஸ் இம்முறையைப் பக்கவளைவுக்கும் பயன்படுத்தினார். ஆயினும், இணைப்பு இறுகும் வரை பிள்ளைகள் பல மாதங்கள் சாந்துக் கட்டுடன் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. 425 நோயாளரை ஆராய்ந்து 1941இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான அறிக்கை, பெரும்பாலோர் எய்திய பயன் திருப்தியற்றது என்றே கண்டது.

அடுத்த படியை இளம்பிள்ளைவாதம் அமைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், அந்நோயால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சையளித்த போல் ஹரிங்டன், கொளுக்கிகளுடன் கூடிய உருக்குக் கோலை முதுகினுள் பொருத்தினார். என்பை இணைக்காது கோலை மட்டும் பொருத்தியபோது கொளுக்கிகள் கழன்றன, கோல்கள் முறிந்தன. வளைவைத் திருத்துவது கோல், திருத்தியதை நிலைநிறுத்துவது இணைந்த என்பு என்னும் உண்மை இத்தோல்விகளாலேயே உறுதிப்பட்டது. அவரது ஆய்வு 1962இல் வெளியாயிற்று.

எனினும், கோல் முதுகை நீட்டியதேயன்றி முறுக்கைத் தீர்க்கவில்லை; இடுப்பின் இயல்பான வளைவும் தட்டையாயிற்று. 1980களில் பிரான்சின் கொத்ரெல், டுபுசே ஆகியோர் முப்பரிமாணத் திருத்தத்தை அறிமுகப்படுத்தினர். 1990களில் தென்கொரியாவின் சே-இல் சுக் திருகாணி முறையை வளர்த்தார். முண்ணாண் ஊறுபடும் அச்சத்தைக் குறைக்க, சிகிச்சையின் நடுவே நோயாளியை விழிப்பூட்டிக் காலை அசைக்கச் செய்யும் சோதனை 1973இல் வெளியிடப்பட்டது. பின்னர் மின்கருவிகள் அப்பணியை ஏற்றன.

இலங்கையில் இறுதி இளம்பிள்ளைவாத நோயாளி 1993இல் பதிவானார். அந்நோய் அகன்ற பின்னும், அது கற்பித்த பாடம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களின் பிள்ளைகளுக்கும் உரியதே. ஆயின் அப்பாடத்துக்கு ஒரு விலையுண்டு. இணைக்கப்பட்ட பகுதி மீண்டும் வளையாது. அப்பகுதியின் வளர்ச்சியும் நின்றுவிடும். பதின்மூன்று வயதில் எடுக்கப்படும் முடிவை வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டும். ஆதலால் வளைவு 45 முதல் 50 பாகையை எட்டிய நிலையிலேயே பொதுவாகச் சத்திரசிகிச்சை ஆலோசிக்கப்படுகின்றது.

அந்நிலைக்கு முன்னர் தடுக்க வழியுண்டா? 2013இல் வெளியான ஐக்கிய அமெரிக்க, கனடிய ஆய்வொன்றில், கவசம் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேரும், அணியாதோரில் 48 பேரும் வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை நிறைவு செய்தனர். ஆனால் கவசம் வளரும் பருவத்திலேயே பயன்தரும். பருவமெய்திய பெண்பிள்ளையின் முதுகை வீட்டார் காண்பது அரிது. ஆடை வளைவை மறைத்துவிடுகின்றது. தொழுகையில் ருகூஉ செய்வது போன்று முன்குனிந்து நிற்கையில் முதுகின் ஒருபுறம் மேலெழுந்து தோன்றின் ஐயுற வேண்டும். 1865இல் வில்லியம் அடம்ஸ் விளக்கிய இச்சோதனைக்குக் கருவியோ செலவோ வேண்டுவதில்லை. தாயோ பாடசாலை ஆசிரியையோ ஒரு நிமிடத்திற் செய்துவிடலாம்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சத்திரசிகிச்சை பெற்ற வளர்ச்சி பெரிது. எனினும், பிள்ளைக்குக் கவசமா கத்தியா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது வைத்தியரின் திறனன்று, வளைவு கண்டறியப்பட்ட காலமே என்பது மனங்கொள்ளத்தக்கது.