பஃபியின் ஆறாவது சீஸன்: ஒரு சண்டை, மூணு வழக்கு

முன்னாடியே ஒரு எச்சரிக்கை மக்களே. "பஃபி த வேம்பயர் ஸ்லேயர்" இன்னும் பார்க்கலை, இனிமேதான் பார்க்கணும்னு இருக்கறவங்க இதோட நிறுத்திக்கலாம். கதை மொத்தத்தையும் போட்டு உடைக்கப் போறேன். தொடர் முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, அதனால பாவம் ஒண்ணும் வராதுன்னு ஒரு நம்பிக்கை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பேய், பிசாசு, ரத்தக்காட்டேரித் தொடர்களோட ரசிகர்கள் புது சீஸன் வந்தா அடிச்சுக்கறது ஒண்ணும் அதிசயம் இல்லை. "முன்ன மாதிரி இல்லப்பா"ங்கற புலம்பல் எல்லாத் தொடருக்கும் உண்டு. ஆனா 2001 அக்டோபர்லேருந்து 2002 மே வரைக்கும் அமெரிக்காவுல பஃபி ரசிகர்கள் போட்ட சண்டை அந்த ரகம் கிடையாது. ஒரு கதையை நம்பி வருஷக்கணக்கா கூட வந்தவங்களுக்கு, கதை சொல்றவர் ஏதாவது கடன்பட்டிருக்காரா இல்லையாங்கற கேள்வி அதுக்குள்ள இருந்தது. என் கணக்குல அது ஒரே சண்டையும் இல்லை, மூணு தனித்தனி வழக்கு. அன்னிக்கு மூணையும் ஒரே மூட்டையாக் கட்டி "ஆறாவது சீஸன் நல்லதா, குப்பையா"ன்னு கேட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா தீர்ப்பு ஒவ்வொண்ணுக்கும் வேற மாதிரி வருது.

கதை இதுவரை

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. 1997 மார்ச்ல டப்ள்யூ.பி. சேனல்ல ஆரம்பிச்ச தொடர். உருவாக்கினவர் ஜாஸ் வீடன். கலிஃபோர்னியாவுல சன்னிடேல்னு ஒரு கற்பனை ஊர். அங்கே இருக்கற பள்ளிக்கூடத்துக்கு அடியிலேயே நரகத்தோட வாசல். பஃபி சம்மர்ஸ்ங்கற பொண்ணு (சாரா மிஷெல் கெல்லர்) காட்டேரிகளைக் கொல்லப் பிறந்தவ.

தொடரோட சூத்திரம் ரொம்ப எளிமை. ஒவ்வொரு பேயும் வளர்ற வயசுல வர்ற ஒரு பிரச்சினைக்கு உருவகம். காதலனோட முதல் ராத்திரி கழிச்ச மறுநாள் அவன் வேற ஆளா மாறிடறான்னா, இங்கே நிஜமாவே ஆன்மாவை இழந்த அரக்கனா மாறிடுவான். இந்தப் பாஷையைத் தொடரே ரசிகர்களுக்கு அஞ்சு வருஷம் சொல்லிக் கொடுத்தது. அவங்களும் நல்லாவே படிச்சாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரசிகர்கள் எவ்வளவு பிடிவாதக்காரங்கங்கறதுக்கு ஒரு உதாரணம். 1999 ஏப்ரல்ல கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்ததும், மூணாவது சீஸனோட கடைசி எபிசோடை டப்ள்யூ.பி. மே மாசத்துலேருந்து ஜூலைக்குத் தள்ளிப் போட்டது. கனடாவுல அது திட்டப்படியே ஒளிபரப்பாயிடுச்சு. அவ்வளவுதான், அங்கே பதிவு பண்ணின டேப்புங்க எல்லை தாண்டி அமெரிக்கா முழுக்கச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

அஞ்சாவது சீஸனோட கடைசி எபிசோட், மொத்தத்துல நூறாவது, 2001 மே 22-ல வந்தது. தங்கச்சி டானைக் காப்பாத்த பஃபி தன் உயிரைக் கொடுத்துடறா. கல்லறையோட முடிஞ்சது. அதே சமயம் சேனலோட பணத் தகராறு. ஒரு எபிசோடுக்குச் சுமார் 23 லட்சம் டாலர் தர்றேன்னு யூ.பி.என். சேனல் முன்வர, தொடர் அங்கே மாறிப் போச்சு. அக்டோபர் 2-ல ஆறாவது சீஸன் ஆரம்பம். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சரியா மூணு வாரம்!

முதல் வழக்கு: இவ்வளவு சோகம் தேவையா?

வில்லோ (அலிசன் ஹானிகன்) மந்திரத்தால பஃபியை உயிரோட எழுப்பறா. தோழி நரகத்துல மாட்டிக்கிட்டுத் தவிக்கறான்னு நினைச்சுப் பண்ணின காரியம். சவப்பெட்டிக்குள்ள கண் முழிச்சு, மண்ணைத் தோண்டிக்கிட்டு வெளியே வர்றா பஃபி. அப்புறம்தான் தெரியுது, அவ இருந்தது நரகம் இல்லை, சொர்க்கம். அங்கேருந்து பிடுங்கிக்கிட்டு வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் சீஸன் முழுக்கக் கஷ்டம்தான். அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவுல பணம் கரைஞ்சு போச்சு. வீட்டுல தண்ணிக் குழாய் உடைஞ்சு கிடக்கு. பேங்க்ல லோன் தர மாட்டேங்கறான். உலகத்தைக் காப்பாத்தினவ பர்கர் கடையில தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கறா. குருவா, அப்பா ஸ்தானத்துல இருந்த ஜைல்ஸ் இங்கிலாந்துக்குக் கிளம்பிடறார். ஸாண்டர் கல்யாணத்தன்னிக்கு அன்யாவை மணமேடையில விட்டுட்டுப் போயிடறான். வில்லன்கள் யாருன்னு பார்த்தா, அறிவியல் புனைகதைப் பொம்மை சேர்க்கற மூணு வெட்டிப் பசங்க! இது தங்களைத்தான் கிண்டல் பண்றதுன்னு பல ரசிகர்களுக்குக் கோபம் வேற.

"நாங்க சந்தோஷமா ஒரு மணி நேரம் பார்க்க வந்தோம், இப்படி அழ வைக்கிறீங்களே"ன்னு ஒரு கட்சி. "இதுதான்யா நிஜம், இருபது வயசுக்கு மேல எதிரியே வாழ்க்கைதான்"னு இன்னொரு கட்சி. ஷோவோட தினசரிப் பொறுப்பை வீடன்கிட்டேருந்து மார்ட்டி நாக்ஸன் எடுத்துக்கிட்ட சமயம் அது. திட்டு முழுக்க அந்தம்மா தலையில விழுந்தது. நல்லா இருந்தா வீடன், நல்லா இல்லைன்னா நாக்ஸன்னு ஒரு எழுதாத சட்டம்.

இந்த வழக்குல என் தீர்ப்பு சீஸன் பக்கம்தான். நான் இதை டிவிடியில, வாரக்கடைசிக்கு நாலஞ்சு எபிசோட்னு சேர்த்துப் பார்த்தவன். பஃபியோட இருட்டு எங்கே ஆரம்பிச்சு எங்கே விலகுதுன்னு ஒரே வீச்சுல தெரிஞ்சது. 2001-ல பார்த்தவங்களுக்கு அந்த வசதி இல்லை. 22 எபிசோட், நடுவுல மறு ஒளிபரப்பு இடைவெளிங்க, கிட்டத்தட்ட எட்டு மாசம். வாராவாரம் ஒரு ஸ்பூன் கசப்பு மருந்து, குணமாகுமான்னும் தெரியாது. கோபம் வந்ததுல ஆச்சரியமே இல்லை.

ஆனா மனச்சோர்வுன்னு ஒரு வியாதியை, அந்த வார்த்தையைச் சொல்லாமலே இவ்வளவு நேர்மையாக் காட்டின தொடர்கள் கம்மி. 2001 நவம்பர் 6-ல வந்த "ஒன்ஸ் மோர், வித் ஃபீலிங்" எபிசோட் முழுக்கப் பாட்டு. எல்லாரும் மனசுல இருக்கற ரகசியத்தைப் பாடித் தொலைக்கறாங்க. பஃபியும் சொர்க்கத்துலேருந்து பிடுங்கப்பட்ட கதையை நண்பர்கள்கிட்ட அப்பதான் சொல்றா. ஹ்யூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எபிசோட் இது. அன்னிக்குச் சீஸனைத் திட்டினவங்ககூட இதை மட்டும் திட்டலை.

ரெண்டாவது வழக்கு: டாரா

இதுதான் பெரிய வழக்கு.

1999 டிசம்பர்ல "ஹஷ்"ங்கற எபிசோட்ல வில்லோவும் டாராவும் (ஆம்பர் பென்சன்) சந்திக்கறாங்க. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு மந்திரத்தால ஒரு கனமான மெஷினை நகர்த்துவாங்க. காதலிக்கறாங்கன்னு நேரடியாக் காட்டத் தயக்கம் இருந்த காலம். அதனால அவங்க சேர்ந்து பண்ற மந்திரம்தான் அவங்க காதலுக்கு உருவகம். முத்தம்னு ஒண்ணு திரையில வர்றதுக்கு 2001 பிப்ரவரி ஆயிடுச்சு. அதுவும் ஒரு சாவுச் சமயத்துல, ஆறுதலுக்காக. ஒருத்தியை ஒருத்தி நேசிச்சு, சமைச்சு, சண்டை போட்டு, ஒரே வீட்டுல குடும்பம் நடத்தற ரெண்டு பொண்ணுங்க இவ்வளவு நீளமா வந்தது அன்னிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில ரொம்ப அபூர்வம்.

ஆறாவது சீஸன்ல அதே மந்திரம் போதைப்பொருளா மாறிடுச்சு. வில்லோ அதுக்கு அடிமையாகறா, கை நடுங்குது, டாரா விட்டுட்டுப் போறா. இங்கேயே ரசிகர்கள் கேட்டாங்க: மந்திரம்னா காதல்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இப்போ மந்திரம்னா போதைன்னா, அந்தக் காதல் என்ன ஆச்சு?

2002 மே 7. "சீயிங் ரெட்". ரெண்டு பேரும் சமாதானமாகி மறுபடி சேர்ந்தாச்சு. ஆம்பர் பென்சன் பேர் தொடக்க டைட்டில்ல முதல் தடவையா வருது. ரசிகர்களுக்கு ஒரே குஷி. அந்த எபிசோடோட கடைசி நிமிஷத்துல, வெளியே பஃபியைக் குறிவச்சு வாரன் சுட்ட தோட்டா ஒண்ணு ஜன்னல் வழியா வந்து டாராவைக் கொன்னுடுது. டைட்டில்ல பேர் வந்ததும் அந்த ஒரே தடவைதான். வில்லோ பழிவாங்கக் கிளம்பி, வாரனைத் தோலை உரிச்சுக் கொன்னு, உலகத்தையே அழிக்கப் பார்க்கறா.

அழுதவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உட்கார்ந்து வரலாறு எழுதினாங்க ரசிகர்கள். 1934-லேருந்து 1968 வரைக்கும் ஹாலிவுட்ல தணிக்கை விதிங்க அமல்ல இருந்தப்போ, ஒரே பாலினக் காதலை இயல்பானதாக் காட்டவே முடியாது. அந்த விதி தளர ஆரம்பிச்ச 1961-ல வந்த "த சில்ரன்ஸ் அவர்" படத்துலகூட, இன்னொரு பொண்ணைக் காதலிச்ச மார்த்தா கடைசியில தூக்குல தொங்கறா. ஒருத்தி சாவா, இல்லைன்னா ஒருத்தி பைத்தியமாகிக் கொலைகாரியாவா. இதுதான் ஃபார்முலா. "சீயிங் ரெட்" ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணிடுச்சு.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாச் சொல்லணும். "இந்தத் தொடர்ல யாருதான் சாகலை? 1998-ல ஜைல்ஸோட காதலி ஜென்னி சாகலையா? பஃபியோட அம்மா சாகலையா? டாராவை மட்டும் விதிவிலக்கா வச்சா அதுவும் பாரபட்சம்தானே?" கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நூறு கிணறு இருக்கற ஊர்ல ஒரு கிணறு தூர்ந்து போனா அது ஒரு செய்தி. ஒரே ஒரு கிணறு இருக்கற ஊர்ல அது தூர்ந்து போனா? ஆண்-பெண் ஜோடிங்க எல்லாச் சேனல்லயும் வாரம் பூரா வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. தன்னை மாதிரி ஒருத்தியை முதல் தடவையாத் திரையில பார்த்த ஒரு பதினாறு வயசுப் பொண்ணுக்கு டாரா நூத்துல ஒண்ணு இல்லை.

எழுதினவங்க கெட்ட எண்ணத்தோட பண்ணினாங்கன்னு நான் சொல்ல வரலை. தாங்க பயன்படுத்தற காட்சிக்கு ஒரு பழைய சரித்திரம் இருக்குங்கறதை எழுதினவங்களைவிடப் பார்த்தவங்க நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. உருவகத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு, "இதை மட்டும் உருவகமாப் படிக்காதீங்க"ன்னு சொன்னா எப்படி?

இந்த வழக்கோட தீர்ப்பு வர 14 வருஷம் ஆச்சு. 2016 மார்ச் 3-ல "த 100"ங்கற தொடர்ல லெக்ஸாங்கற பாத்திரம், காதலியோட சேர்ந்த கொஞ்ச நேரத்துலயே, வேற ஆளுக்குக் குறிவச்ச தோட்டா பட்டுச் சாகறா. அச்சு அசல் டாரா! ரசிகர்கள் கொதிச்சாங்க. ஆனா இந்தத் தடவை வெறும் கொதிப்போட நிக்கலை. தற்கொலைத் தடுப்புக்கு உழைக்கற ட்ரெவர் ப்ராஜெக்டுக்கு நிதி திரட்டினாங்க. தொடரோட பொறுப்பாளர் ஜேஸன் ராத்தன்பர்க் பகிரங்கமா வருத்தம் தெரிவிச்சு எழுதினார். 2017-ல லாஸ் வேகாஸ்ல ரசிகர்கள் தங்களுக்குன்னே "க்ளெக்ஸாகான்"னு ஒரு மாநாடு கூட்டினாங்க. 2002-ல "ஓவரா உணர்ச்சிவசப்படறாங்க"ன்னு ஒதுக்கின அதே வாதத்துக்கு 2016-ல பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரசிகர்கள் ஜெயிச்ச வழக்கு இது.

மூணாவது வழக்கு: ஸ்பைக்

அதே "சீயிங் ரெட்"ல இன்னொரு காட்சி. பஃபி மேல பித்துப் பிடிச்ச காட்டேரி ஸ்பைக் (ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ்), பாத்ரூம்ல அவளைப் பலவந்தம் பண்ண முயற்சி பண்றான். அதுக்கப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போய், சோதனையெல்லாம் தாண்டி, தன் ஆன்மாவைத் திரும்ப வாங்கிக்கறான்.

"ஆன்மா இல்லாதவன் அரக்கன்தான், தொடர் முதல்லேருந்தே சொன்னதுதானே"ன்னு ஒரு தரப்பு. "ரெண்டு வருஷமா அவனை நாயகன் மாதிரி காட்டி எங்களை நேசிக்க வச்சுட்டு, இப்போ அதுக்காக எங்களையே தண்டிக்கிறீங்களா"ன்னு ஒரு தரப்பு. "பாதிக்கப்பட்டவ பஃபி. அப்புறம் ஏன் மீட்சிக் கதை அவனுக்கு?"ன்னு மூணாவது தரப்பு. இந்த மூணாவது கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கலை. அந்தக் காட்சியில நடிச்சது ரொம்ப வேதனையான அனுபவம்னு மார்ஸ்டர்ஸே பல தடவை சொல்லியிருக்கார். இந்த வழக்கு இன்னும் நிலுவையில.

இதுல ஒரு சோகம் என்னன்னா, அன்னிக்குச் சண்டையில "வீடன் இருந்திருந்தா இப்படி ஆகாது"ங்கறதுதான் பல பேரோட கடைசி வாதம். 2021 பிப்ரவரியில, தொடர்ல கொர்டீலியாவா நடிச்ச கரிஸ்மா கார்ப்பென்டர், வீடன் படப்பிடிப்புல தன்னைக் கொடுமையா நடத்தினதா வெளிப்படையா எழுதினார். ஆம்பர் பென்சன் அதை ஆதரிச்சுப் பேசினார். வீடன் அடுத்த வருஷம் ஒரு பேட்டியில பல குற்றச்சாட்டுகளை மறுத்தார். எது எப்படியோ, படைச்சவரைக் கோயில்ல வச்சுட்டு, கூட வேலை பார்த்த பொம்பளை தலையில பழியைப் போட்ட பழக்கத்தை ரசிகர் கூட்டம் திரும்பிப் பார்க்க வேண்டி வந்தது.

தொடர் 2003 மே 20-ல 144 எபிசோடோட முடிஞ்சுது. ஆறாவது சீஸன் எப்படி முடிஞ்சதுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கறேன். உலகத்தை அழிக்க நிக்கற வில்லோவைத் தடுக்கறது பஃபி இல்லை, ஜைல்ஸ் இல்லை. எந்த சக்தியும் இல்லாத, தச்சு வேலை பார்க்கற ஸாண்டர். அவகூட அவன் சண்டை போடலை. சின்ன வயசுல அவ ஒரு மஞ்சள் கிரேயானை உடைச்சுட்டு அழுத கதையைச் சொல்லி, அவ அடிக்க அடிக்க நகராம நிக்கறான். இப்படி ஒரு முடிவையும், ரெண்டு வாரம் முன்னாடி அந்தத் தோட்டாவையும் எழுதினது ஒரே எழுத்தாளர் கூட்டம்தான். ஒண்ணுக்காக இன்னொண்ணை மன்னிக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்ங்கறது என் கட்சி.

நீங்க எந்தக் கட்சி? வாங்க, அடிச்சுக்கலாம்.