யானைமேல் செத்தவனும் நாய்க்கு எடுத்த கல்லும்

போர்வீரனுக்கு நினைவுச்சின்னம் என்றதும் தேசம் எழுப்புகிற கோபுரம்தான் நம் மனசில் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ் 1305இல் லண்டனில் கொல்லப்பட்டான். ஸ்டெர்லிங்கில் அவனுக்கான கல்கோபுரம் 1869இல்தான் திறக்கப்பட்டது. இடையில் 564 வருஷம். ஆக, அது பேசுவது வாலஸின் காலத்தை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேசியக் கதையாடலை. நம் பக்கம் செத்த சூட்டோடு கல் நட்டார்கள். யாருக்கு, யார் நட்டார்கள் என்பதுதான் கேள்வி.

புதுச்சேரிக்கு மேற்கே, திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தவன் பராந்தகன் மகன் இராசாதித்தன். திருநாவலூருக்கு இராசாதித்தபுரம் என்றே பேர் வந்தது. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு மோதிச் செத்தான். பெரிய லெய்டன் செப்பேடு, நெஞ்சில் அம்பு தைத்து யானைமேலேயே உயிர்விட்டு விண்ணுலகம் போனான் என்கிறது. தோல்வியை சமஸ்கிருத அலங்காரத்தில் வெற்றியாக மாற்றுகிற வம்சப் பிரதி அது.

அந்தச் சாவைச் சொல்லும் கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. இராசாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். அவன் ஆள் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. அது ஒரு காட்டுப்பன்றியோடு சண்டை போட்டது, ரெண்டும் செத்தன. கல் அந்த நாய்க்கு. சிற்பத்தில் நாயும் பன்றியும்தான். சோழ இளவரசனின் சாவு அங்கே பின்னணிச் செய்தி. கல்லுக்கு நிலமும் விட்டார்கள். பூசை செய்யாமல் சாப்பிடுகிற பூசாரிக்கு நாயின் பாவம் சேரும் என்று சாபமும் உண்டு.

இதை விநோதம் என்று சிரித்து ஒதுக்க முடியாது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல், தொறுப்பூசலில் பட்ட கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்த அவன் நாய் கோவிவனையும் பேர் சொல்லி நினைக்கிறது. செப்பேடு வம்சத்தின் ஞாபகம் என்றால் நடுகல் கூட வாழ்ந்தவர்களின் ஞாபகம். அங்கே நாய்க்கும் இடமுண்டு.

மூன்றாவதாக ஒரு ஞாபகம். இராசாதித்தனின் படைத்தலைவன் வெள்ளன் குமரன், கேரளத்தான். பெண்ணையாற்றங்கரை கிராமத்தில் 943இல் கோயில் எடுத்தவன். தலைவனோடு சாகவில்லையே என்ற வெட்கத்தில் துறவியாகி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதராக இருந்தவர் இவரே என்று கல்வெட்டாய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்குள்ள கல்வெட்டு 959ஐச் சேர்ந்தது. வீரம் என்பதற்கு மறுபக்கம் இந்த வெட்கம்.

சரி, நம்ம பாகூர் என்ன செய்தது? மூலநாதர் கோயில் சுவரில் கன்னரதேவனின், அதாவது ஜெயித்த அந்தக் கிருஷ்ணனின், ஆட்சியாண்டிட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. பிறகு வந்த சோழர் கல்வெட்டுகளும் அதே கோயிலில்தான். பல்லவன் நிருபதுங்கன் காலத்திலேயே வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகப் பெற்ற பிரமதேயம் இது. ராஜா யாரானாலும் ஆண்டுக்கணக்கை மாத்திக்கொண்டு நிலவுடைமை தொடர்ந்தது.

சோழப் பெருமிதம் பேசுகிறவர்கள் இந்தச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாலஸ் கோபுரம் மாதிரி ஒன்றை இராசாதித்தனுக்கும் எழுப்ப நாளை யாராவது கிளம்பலாம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தக்கோலத்தில் அவனோடு செத்த காலாட்களில், காளிக்குக் கிடைத்த கல் எத்தனை பேருக்குக் கிடைத்தது?