நைற்றிங்கேல் அம்மையாரும் மரணக் கணக்கும்

நைற்றிங்கேல் அம்மையார் என்றதும் விளக்கேந்திய உருவமே மாணவர் மனக்கண்முன் தோன்றும். பாடநூல்கள் செய்த வேலை அது. கிரிமிய யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 தாதியருடன் அவர் துருக்கிநாட்டு ஸ்கூற்றாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். உணவும் உடையும் படுக்கையும் சீர்பெற்றன. ஆயினும் மரணம் குறைந்திலது. அவர் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். காயத்தினாலன்று, பேதி, காய்ச்சல் முதலிய நோய்களாலேயே பெரும்பாலோர் இறந்தனர். அக்கட்டடத்தின் அடியிலோ கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழுவினர் அவற்றைக் கழுவித் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழிசெய்தனர். யூன் மாதத்தில் அவ்விகிதம் நூற்றுக்கு 2 அளவாய் வீழ்ந்தது.

இதன் காரணத்தை அம்மையார் அங்கிருந்த காலத்தில் முழுமையாக உணர்ந்தாரல்லர் என்றே தோன்றுகிறது. போர் முடிந்தபின், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபாருடன் கூடி மரணக் கணக்கை ஆராய்ந்தபோதே தெளிவு பிறந்தது. அன்பும் உழைப்பும் குறையாதிருந்தும் தம் பராமரிப்பிலேயே அத்துணைபேர் மடிந்தனர் என்பதை அவர் மறைத்தாரல்லர். 1858இல் வர்ணப் படமாகவே வரைந்து காட்டினார். அத்துணிவையே யான் அவ்விளக்கினும் பெரிதாய் மதிக்கிறேன். 1860இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் அந்நகரிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மகாநாட்டின்முன் அவருடைய திட்டமொன்றும் வைக்கப்பட்டது: வைத்தியசாலைகள் யாவும் நோயையும் மரணத்தையும் ஒரே வகைப் படிவத்திற் பதிதல் வேண்டும் என்பது.