வெண்புள்ளியும் உணவு விலக்கும்

தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் தோன்றும் வெள்ளைத் திட்டுகள் வெண்புள்ளி எனப்படும். இந்நோய்க்கு உணவைக் காரணம் காட்டும் வழக்கம் மிகப் பழையது.

சரக சம்ஹிதை இதனைக் 'கிலாசம்' என்கிறது. பொய் பேசுதல், நன்றி மறத்தல், குருவை அவமதித்தல், முற்பிறவி வினை ஆகியவற்றுடன் ஒவ்வாத உணவுச் சேர்க்கையையும் அது காரணமாகக் கூறுகிறது. பாலுடன் மீன் உண்பதை அந்நூல் வேறோரிடத்தில் விலக்குகிறது. மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று இன்றும் நம்பப்படுவது இம்மரபின் தொடர்ச்சியே. இதனால் உணவு விலக்குடன் நோயாளி மீதான பழியும் சேர்ந்தே வந்தது.

அதே மரபு பயன்படுத்திய கார்போகரிசிக்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது. அதிலுள்ள சோரலென் வகைப் பொருள்கள் புற ஊதாக் கதிருடன் சேர்ந்து நிறம் திரும்ப உதவுகின்றன. 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்தி இவ்வகை மருந்தை ஆராய்ந்தார். மருத்துவர் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தினால் தோல் வெந்துபோகலாம்.

உணவு விலக்குக்கு அத்தகைய சான்று கிடைக்கவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே நிறமிச் செல்களைத் தாக்குவது முதன்மைக் காரணம் என இன்றைய மருத்துவம் கருதுகிறது. மீன், பால், எலுமிச்சை போன்றவற்றை ஒதுக்கினால் திட்டுகள் மறைவதில்லை; புரதம், கால்சியம், வைட்டமின் சி ஆகியவையே குறைகின்றன. வெண்புள்ளி தொற்றுநோயுமல்ல, உண்டதற்குக் கிடைத்த தண்டனையுமல்ல.