முறைப்பாட்டுக்குப் பின் பிள்ளையோடு யார்? கொழும்பும் சென்னையும்

2025 மே மாதம் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் மக்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டார்கள். ஏப்ரல் இறுதியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மாணவி உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் ஒருவர் மீதான பாலியல் துன்புறுத்தல் முறைப்பாடு அதற்கு முன்பே பொலிஸ் வரை போயிருந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் முறைப்பாட்டுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் அவளோடு கூட நிற்கும் கடமை சட்டப்படி யாருக்கு இருந்தது என்று நாம் கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வியோடு கொழும்பையும் சென்னையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்துதான் புறப்பட்டன. சிறுவருக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாகாணம் சென்னை, ஆண்டு 1920. இலங்கையின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. இரண்டுக்கும் முன்மாதிரி இங்கிலாந்துச் சட்டங்களே. சமூகப் பணியைத் தொழிலாகக் கற்பிக்கும் நிறுவனங்கள் இரு நகரங்களிலும் 1952இல் தோன்றின: மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி ஒன்று, இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்திருக்கும் இலங்கையின் சமூகப் பணி நிறுவகம் மற்றது. ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் ஏற்றன. பிறகுதான் பாதைகள் பிரிந்தன.

கொழும்பில் உத்தியோகத்தர்களுக்குக் குறைவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண நிர்வாகத்தின் கீழ் நீதிமன்றத்தோடு இணைந்து வேலை செய்கிறார். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய திணைக்களத்தின் ஆளாகப் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அதன் சொந்த உத்தியோகத்தர்கள் உண்டு. பொலிஸில் சிறுவர், மகளிர் பணியகம் தனி. வெள்ளவத்தைப் பிள்ளை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் உரியவர்கள். இத்தனை மேசைகளுக்கு நடுவே ஒரு தாய் முறைப்பாட்டோடு அலையும்போது, தன் கதையை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்துவிடலாம். அப்படிச் செய்த பின்னும் அந்தப் பிள்ளையின் முழுக் கோவையும் ஒருவர் கையில் இருக்காது. கொழும்பு முறையின் பெரிய குறை இதுதான் என்பது என் முடிவு.

சென்னையில் அந்தக் கோவைக்கு ஓர் இடம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இயங்க வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அதன் முன் கொண்டுவர வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்ப் பார்த்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைப் பார்த்துத்தான் குழு முடிவெடுக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாலியல் குற்றம் பற்றிய தகவல் கிடைத்ததும் காவல் நிலையம் 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை பிள்ளையோடு இருக்க 'ஆதரவு நபர்' ஒருவரை நலக் குழு கொடுக்கலாம். பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று விளக்குவதும், நீதிமன்றத்தில் அருகில் இருப்பதும், பள்ளிக்கு மீண்டும் போக வழி செய்வதும், வீட்டார் மனம் உடையாமல் பார்ப்பதும் அவர் வேலை. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் செய்ய வேண்டிய வேலை இதுவே.

சட்டத்தில் இருப்பது நடைமுறையில் இருக்கிறதா? பெரும்பாலான வழக்குகளில் ஆதரவு நபர் இல்லை என்ற நிலையைக் கண்டு 2023இல் இந்திய உச்ச நீதிமன்றமே உத்தரவுகள் இட வேண்டி வந்தது. 1996இல் மும்பையில் சமூகப் பணிக் களத்திலிருந்து பிறந்த 1098 என்ற சிறுவர் உதவி எண் அண்மையில் தொண்டு நிறுவனங்களின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியிருக்கிறது. பிள்ளைகளோடு அதற்கு இருந்த பழைய நெருக்கம் தங்குமா என்று எனக்குக் கவலை உண்டு. என்றாலும் சட்டத்தில் எழுதப்பட்ட கடமை நிறைவேறாவிட்டால் வழக்காடலாம். எழுதப்படாத கடமைக்காக எந்த நீதிமன்றப் படியும் ஏற முடியாது.

இலங்கை முந்திய இடங்களும் உண்டு. பிள்ளையின் சாட்சியத்தைக் காணொளியில் பதிந்து ஏற்க 1999இலேயே சட்டம் செய்தோம். போக்சோவுக்கு 13 ஆண்டுகள் முன்பு. வேலைக்கமர்த்தும் வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினோம். இந்தியாவிலோ பொதுவான தடை 14 வயது வரைதான்; 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை.

ஆனால் அந்த 2021 ஜூலையில்தான், மலையகத்தின் டயகம தோட்டத்திலிருந்து கொழும்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்கு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். வயது வரம்பு காகிதத்தில் உயர்ந்திருந்தது. மலையகத்திலிருந்து புறப்பட்ட பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாள், எப்படி இருக்கிறாள் என்று கதவைத் தட்டிக் கேட்க எவரும் இருக்கவில்லை. பொலிஸ் வருவது குற்றம் நடந்த பிறகு. அதற்கு முன்னே வரக்கூடியவர் சமூகப் பணியாளர் ஒருவர்தான்.

ஆகவே சென்னையிலிருந்து கொழும்பு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. முறைப்பாடு பதிவான நாளிலேயே, பெயர் குறிப்பிட்ட ஒரு சமூகப் பணியாளர் பிள்ளைக்கு நியமிக்கப்பட வேண்டும்; வழக்கு முடியும் வரை அவர் மாறக்கூடாது; தமிழ்ப் பிள்ளையோடு தமிழில் பேச வேண்டும். சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளையின் குரலைக் கேட்கச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியே, அதுவும் நடந்த கொடுமையைப் பற்றி, ஒரு பிள்ளை எவ்வளவு பேசும்? சென்னையைப் போல 'கொடுக்கலாம்' என்று எழுதாமல், 'கொடுக்க வேண்டும்' என்றே நம் சட்டம் எழுதட்டும். இதற்குப் புதிய திணைக்களம் தேவையில்லை. இருக்கும் உத்தியோகத்தர்களில் ஒருவரைப் பொறுப்பாளியாக்கும் ஒரு சட்டத் திருத்தமும், தமிழ் பேசும் பணியாளர்களின் நியமனமும் போதும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாழ்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டில் பாடசாலைக்குப் போகாமல் வேலை செய்யும் பிள்ளையைக் கண்டால், அல்லது ஒரு பிள்ளை சொல்ல முடியாத எதையோ சுமப்பது தெரிந்தால், 1929 என்ற சிறுவர் உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அழைத்ததோடு விடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று பெயர் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அவரை மீண்டும் அழையுங்கள்.