கீழ்க்காய்நெல்லி கண்ட சோதனை

ஈரல் நோயுற்றால் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும். இதனை நம் முன்னோர் செங்கண்மாரி என்றும் காமாலை என்றும் வழங்கினர். அதற்கு அவர்கள் நாடிய மூலிகைகளுள் தலையாயது கீழ்க்காய்நெல்லி. மழைக்குப் பின் வேலியோரங்களில் தானே முளைக்கும் இச்சிறு செடியின் காய்கள் இலைகளின் கீழே வரிசையாகத் தொங்குவதே இப்பெயருக்குக் காரணமாயிற்று. இதனை அரைத்துப் பாலிலோ மோரிலோ கலந்து கொடுப்பது வழக்கம்.

இச்செடி ஐரோப்பிய நூலேறியது 17ஆம் நூற்றாண்டிலாகும். கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் றீட், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதிலே கீழாநெல்லியும் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் சூட்டிய 'பில்லாந்துஸ் நிரூரி' என்ற பெயரால் ஆசியச் செடியும் அமெரிக்கச் செடியும் நெடுங்காலம் ஒன்றாகவே வழங்கின. நம் செடி வேறு, அதற்குரிய பெயர் 'பில்லாந்துஸ் அமாருஸ்' என்பது பின்னரே தெளிவாயிற்று. இதன் இனச் செடியைப் பிரேசில் மக்கள் 'கல்லுடைப்பான்' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, சிறுநீரகக் கல்லுக்கு உண்டனர். ஒரே குடும்பம் இங்கே ஈரலுக்கும் அங்கே சிறுநீரகத்துக்கும் காவலாகக் கருதப்பட்டமை வியப்புக்குரியது.

பீ வகை ஈரலழற்சியை உண்டாக்கும் வைரசைக் கண்டறிய வழிகாட்டி, 1976இல் நோபெல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் புளும்பேர்க். அவர் குழுவினரும் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தனர். அவ்வைரசைத் தாங்கியிருந்தோருக்கு, ஒரு சாராருக்கு மூலிகைத் தூளும் மற்றையோருக்கு மருந்தில்லாத போலி மருந்துமாக, 30 நாட்கள் கொடுக்கப்பட்டன. 1988இல் வெளியான முடிவின்படி, மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. உலகம் வியந்தது.

ஆயினும் ஒருமுறை கண்ட பயன் மறுமுறையும் காணப்படல் வேண்டும். 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் வெளியான சோதனைகளில் அப்பயன் தென்படவில்லை. சோதனைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு மதிப்பீடும், போலி மருந்தினும் இது மேம்பட்டதென நம்பத்தக்க சான்று இல்லையென்றே கூறிற்று.

அவ்வாறாயின் முன்னோர் கண்டது பொய்யோ? அன்று. அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை ஈரலழற்சி, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே தணிவது. மூலிகை உண்டார், நலம் பெற்றார். இரண்டையும் கண்டவர் ஒன்றை மற்றதன் காரணமாகக் கொண்டது இயல்பே. பீ வகையோ அத்தகையதன்று. சிலரது உடலில் அது பல்லாண்டு மறைந்திருந்து ஈரலைச் சுருக்கும், புற்றுநோய்க்கும் வழிகோலும். கண்ணின் மஞ்சள் மறைந்தது கொண்டு நோய் நீங்கிற்றென்று எண்ணிவிடலாகாது. எவ்வகை நோய் என்பதைக் குருதிப் பரிசோதனையே உரைக்கும். பீ வகையைத் தடுக்கும் ஊசியும் 1980களிலிருந்து உலகில் வழங்கி வருகின்றது.

ஆகையால், நேயர்களே, வீட்டிலே எவருக்கேனும் கண் மஞ்சளித்தால், வேலியோரத்துச் செடியைத் தேடுமுன் வைத்தியரை நாடி, குருதியைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள்.